நாத்தனார் அடித்த கத்தி

வெந்நீர் அடுப்புக்குப் பின்னால், சாக்குத் துணியில் சுற்றிய லோரி ஸ்பிரிங் துண்டு ஒன்று கிடந்தது. ஒரு முழ நீளம் இருக்கும். துருவேறி, லேசாக வளைந்திருந்தது. என் வீட்டுக்காரர் தேயிலை பேக்டரிப் பட்டறையில் வேலை செய்ததால் அவர்தான் கொண்டுவந்து போட்டிருப்பார் என்று நினைத்து, காலில் இடறுகிறதே என்று எடுத்து வெளியே போடப் போனேன். அப்போது உள்ளிருந்து என் நாத்தனார் குரல் கொடுத்தார்.

"அத அங்கயே வை புள்ள. அது என்னோடது."

"ஒங்களுக்கு எதுக்குக்கா இந்த இரும்பு?"

"கத்தி அடிக்கப் போறேன்."

அரிசி களையப் போகிறேன் என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். துண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போனேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்.

எழுபதுகளின் கடைசி அது. நான் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி கேமரன் மலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வயிற்றில் முதல் பிள்ளை. நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. அவருடைய புருஷன், புதுக் காடு வெட்டும்போது மரம் சாய்ந்து இறந்துபோனார். அது நான் வருவதற்கு முன்பு நடந்தது. அதன்பிறகு தம்பியோடுதான் இருந்தார், கொழுந்து பறித்தார், சம்பளத்தில் பாதியைத் தம்பி கையில் கொடுத்தார். ஆள் குள்ளம், என் தோள் உயரம்தான். அதிகம் பேச மாட்டார். ஒரே அடுப்பில் சமைக்கும் இரண்டு பெண்களுக்குள் வருகிற உரசல்கள் எங்களுக்குள்ளும் இருந்தன. நான் ரசத்தில் பூண்டு அதிகம் போடுவது அவருக்குப் பிடிக்காது. அவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போவது எனக்குப் பிடிக்காது. அவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க என்னால் முடிந்ததே இல்லை.

ஆனால் அந்தக் கத்தி யாருக்கு என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

சில வாரங்களுக்கு முன்பு ஒரு மத்தியானம், மற்றவர்கள் இன்னும் காட்டில் இருக்கும்போதே நாத்தனார் மட்டும் வீட்டுக்கு வந்தார். முதுகில் கூடை இல்லை. சட்டைக் கை தோள்பக்கம் கிழிந்திருந்தது. முழங்கைவரை தேயிலைச் செடி கீறிய கோடுகள். குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் தம்பி வந்து கேட்டதற்கு, "சறுக்கி விழுந்துட்டேன்டா" என்றார். மீதியை எனக்குத் தண்ணீர்க் குழாயடியில் மற்றப் பெண்கள்தான் சொன்னார்கள். கொழுந்து பறிப்பவர்களை மேய்க்கும் கொழுந்துக் கங்காணி அவரைத் தனியாகக் காட்டோரத்துக் கடைசித் தேயிலை நிரைக்கு அனுப்புகிறான். அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போகிறான். நாத்தனார் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ச் சொன்னாராம். கிராணி பேனாவை மூடிக்கூட வைக்காமல், "சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆபீஸுக்கு வரக் கூடாது. ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க" என்றாராம். மறுநாளும் கடைசி நிரைதான்.

கங்காணி ஆபீஸுக்கு வேண்டியவன். கோயில் திருவிழாவில் முதல் மாலை அவனுக்குத்தான். அவனை எதிர்த்தால் தோட்டத்தில் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்தப் பயத்தில்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நாங்களும்தான்.

நாத்தனார் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஒங்க அக்கா கத்தி அடிக்கப் போறேங்குறாங்க. தெரியுமா?"

"தெரியும். அந்த ஸ்பிரிங்க நாந்தான் கொண்டாந்தேன்" என்றார், முகத்தைப் பார்க்காமல். "முடியாதுன்னுதான் சொன்னேன். நீ அடுப்பு மூட்டித் தரலன்னா நானே போயி மூட்டிக்கிறேன்னுச்சு. என்ன செய்யச் சொல்ற?"

"யாருக்குன்னு கேட்டீங்களா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். "கேக்கல."

கேட்கவில்லை என்பதைவிட, கேட்க அவர் விரும்பவில்லை என்பதுதான் என்னை அதிகமாகக் கலக்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேக்டரி ஓடவில்லை. பட்டறைக்குப் பொறுப்பான பெரிய பிட்டர் பிரிஞ்சாங் டவுனுக்குப் போயிருந்தார். அனுமதி இல்லாமல் பட்டறை அடுப்பை மூட்டுவது வேலைக்கே உலை வைக்கிற காரியம். ஆனாலும் அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள், வீட்டில் தனியாக இருக்க முடியாமல் நானும் பின்னாலேயே போனேன். வெளியே பனி இறங்கி, பத்தடி தூரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. புகையும் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஊதுகுழல் சக்கரத்தைச் சுற்றினார். கரி கனன்று கனன்று நடுவில் வெளுத்தது. இரும்பு சிவந்ததும் குறட்டால் எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்தார். சுத்தியலை அவர்தான் பிடிப்பார் என்று நினைத்தேன். நாத்தனார் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"நீ புடிச்சுக்க. அடி நான் அடிக்கிறேன்."

"கை போயிடும்க்கா."

"போகட்டும்."

முதல் அடிகள் கோணல்மாணலாக விழுந்தன. ஒன்று இரும்பின் மேலேயே படவில்லை. கல்லில் பட்டுச் சுத்தியல் துள்ளி, அவர் மணிக்கட்டை முறுக்கியது. அவர் நிறுத்தவில்லை. இரும்பு கறுத்துப்போகும், மறுபடி அடுப்புக்குள் போகும், மறுபடி வெளியே வரும். போகப்போக அடி ஒரே இடத்தில் விழத் தொடங்கியது. பட்டை மெலிந்தது, நீண்டது, நுனியில் மெல்ல வளைந்தது. அந்த வளைவைப் பார்க்கப் பார்க்க என் வயிற்றில் பிள்ளை புரண்டது. ஒவ்வொரு அடியும் ஒரு மனிதன்மேல் விழுவதாகவே எனக்குக் கேட்டது. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அங்கே கோபம் எதுவும் இல்லை. ஊசியில் நூல் கோக்கும்போது இருக்குமே, அந்தக் கவனம்தான் இருந்தது.

கடைசியாகச் சிவக்கக் காய்ச்சி, பக்கெட் தண்ணீருக்குள் இறக்கினார்கள். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. அதற்குள் ஒரு சின்னச் சத்தம், கண்ணாடி டம்ளர் விரிசல் விடுகிற மாதிரி. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. வெளியே எடுத்துப் பார்த்தால் முதுகிலிருந்து வாய்வரை ஒரு மயிரிழைக் கோடு. கல்லில் லேசாகத் தட்டியதும் இரண்டாக விழுந்தது.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நாத்தனார் உடைந்த இரண்டு துண்டையும் எடுத்துச் சாக்கில் சுற்றினார்.

"இன்னொரு துண்டு இருக்கில்லடா?"

அடுத்த ஞாயிறும் பட்டறைக்குப் போனார்கள். நானும் போனேன். இந்த முறை தண்ணீர் வேண்டாம் என்று லோரியில் வடித்த கறுப்பு எண்ணெயில் இறக்கினார்கள். எண்ணெய் குப்பென்று தீப்பிடித்து, என் வீட்டுக்காரர் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். கத்தி உடையவில்லை. அதைச் சாணைக்கல்லில் தேய்த்து வெளுக்க வைத்து, தணலின் ஓரத்தில் மெதுவாகச் சூடு காட்டினார்கள். வெளுப்பின்மேல் வைக்கோல் நிறம் ஓடியது. அது தேன் நிறமாக மாறும்போது, "இப்ப எடு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இரண்டு ஞாயிறுகளில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான்.

அதன் பிறகு பிடி. கத்தி அடிப்பதைவிட அதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று. முதலில் என் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை அறுத்து மாட்டிப் பார்த்தார். நாத்தனார் விடியற்காலையில் அதைப் பிடித்துவிட்டு, "பனிக்கட்டி மாதிரி இருக்கு. விரலு மரத்துப்போகுது" என்று கழற்றிவிட்டார். ரிங்லெட் ஊரில் தெரிந்த மலாய்க்காரர் ஒருவரிடம் எருமைக் கொம்பு வாங்கி வந்தார்கள். கரேலென்று, பார்க்க அழகாக இருந்தது. வாளித் தண்ணீரில் கையை நனைத்துப் பிடித்தார், வழுக்கியது. கொய்யாக் கட்டை கனமில்லாமல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓங்கி ஒரு விறகை வெட்டியதும் அதிர்வு முழங்கைவரை ஏறுகிறது என்றார். ஒவ்வொரு முறையும் கையை நனைத்தே பிடித்துப் பார்த்தார். இந்த மலையில் கை என்றைக்குக் காய்ந்திருக்கிறது என்று கேட்டார். எனக்கோ வேறு நினைப்பு. ஈரம் என்றால் எதன் ஈரம்?

கடைசியில் மேல்மலையில் பிடுங்கிப் போட்டிருந்த கிழட்டுத் தேயிலைச் செடி ஒன்றின் அடிக்கட்டையைத் தோளில் தூக்கி வந்தார். முறுக்கிக்கொண்டு, எலும்பு மாதிரி கெட்டியாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "தேயிலைக் கட்டையா? காஞ்சா வெடிச்சிரும்லா" என்றார். மெதுவாகக் காய்ந்தால் வெடிக்காது என்று நாத்தனாருக்குத் தோன்றியது. என்னைப் பார்த்தார்.

"நீ வேல செய்யுற எடத்துல டிரையர் பக்கம் சுவரு எப்பவும் வெதுவெதுன்னு இருக்குமே. அங்க வைக்க முடியுமா?"

நான் பேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் இருந்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். யாராவது பார்த்தால் கேள்வி வரும். அந்தக் கத்தியால் ஏதாவது நடந்துவிட்டால், அதன் பிடியைக் காய வைத்தது நான் என்று ஆகும். ஆனாலும் கிழிந்த அந்தச் சட்டைக் கை கண்ணில் வந்தது. சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் கட்டையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், காலிச் சாக்குகளுக்குப் பின்னால் வைத்தேன். தினமும் போனதும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்ப்பேன். வெடிக்கவில்லை.

கட்டை காய்ந்து வந்ததும் நாத்தனார் அதை உடைந்த கண்ணாடியால் சீவிச் சீவி இழைத்தார். கொஞ்சம் சீவுவார், பிடித்துப் பார்ப்பார், மறுபடி சீவுவார். அவருடைய சின்னக் கைக்குள் அடங்கும் அளவுக்கு அது ஒடுங்கியது. கத்தியின் வாலைச் சிவக்கக் காய்ச்சிக் கட்டைக்குள் இறக்கியபோது எழுந்த புகையில் தேயிலை வாசனை துளியும் இல்லை, வெறும் மரம் கருகும் வாசனைதான். கழுத்தில் இரும்புப் பூண் ஒன்றை இறுக்கினார்கள். கத்தி முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் அவரைக் காணவில்லை. தேடிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனேன். காடாக வளர்ந்து கிடந்த கைவிட்ட தேயிலைச் செடி ஒன்றின் முன்னால் நின்றிருந்தார். இடது கையால் கிளையை வளைத்துப் பிடித்து, கத்தியைக் கீழிருந்து தன்னை நோக்கி மேலே இழுத்தார். ஒரே வீச்சு. கிளை சாய்வாக, நார் பிரியாமல் துண்டானது. அடுத்த கிளை. அதற்கடுத்தது. அது கவ்வாத்து வெட்டு. தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மறுபடி துளிர்க்க வைக்கிற வேலை. ஆம்பளைகள் மட்டுமே செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு வேறு கங்காணி, வேறு மலை.

"கவ்வாத்துக்குப் போறீங்களாக்கா?"

திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "கவ்வாத்து லிஸ்டுல பேரு இருந்தாத்தான் கத்தி குடுப்பாங்களாம். கத்தி இருந்தாத்தான் பேரு எழுதுவாங்களாம். தோட்டத்துக் கத்தி என் கைக்கு அடங்காது. அதான்."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் என்னிடம் அதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "ஆகுமோ ஆகாதோன்னு தெரியாம என்னத்தச் சொல்றது?" என்றார். நிம்மதியாக இருந்தது, ஆனால் முழு நிம்மதி இல்லை. கீழிருந்து மேலே இழுக்கிற அந்த வீச்சு கிளையை மட்டும்தான் வெட்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரத்தில், நாத்தனார் கொழுந்து வரிசையை விட்டுக் கவ்வாத்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். வரிசையில் நின்ற தலைகள் திரும்பின. பனிக்குள் யாரோ இருமினார்கள். கொழுந்துக் கங்காணி குரல் உயர்த்தினான். "துரை, இந்தப் பொம்பள என்னக் குத்தத்தான் கத்தி அடிச்சு வச்சிருக்கா. தோட்டம் பூரா இதே பேச்சு. போலீஸக் கூப்புடுங்க."

தோட்ட மேனேஜரான துரை இளவயசுக்காரர். தோட்டத்துக்குப் புதியவர். நாத்தனாரைப் பார்த்து, "கத்தி எங்கே?" என்றார். பேக்டரிக்குப் போகிற வழியில் என்னோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் கையை இறுகப் பிடித்தார். பட்டறையில் அடித்த கத்தி என்று தெரிந்தால் அத்தோடு எங்கள் கதை முடிந்தது.

நாத்தனார் கத்தியைப் பிடிப்பக்கமாக நீட்டினார். துரை வாங்கவில்லை. கவ்வாத்துக் கங்காணியைப் பார்த்தார். அவர் கறாரான மனுஷன், யாருக்கும் பரிந்து பேசாதவர். வாங்கித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலைக் குறுக்கே வைத்துக் கத்தியின் வாயைத் தடவினார். பிடியைப் பிடித்தார், விரல்கள் சுற்றி வந்து உள்ளங்கையில் இடித்தன.

"கவ்வாத்துக் கத்திதாங்க" என்றார். "ஆனா எனக்குப் புடிக்க முடியல."

"இந்தப் பெண்ணால் வெட்ட முடியுமா?"

"பாத்தாத்தான் தெரியும்."

"பாருங்கள்" என்று சொல்லிவிட்டுத் துரை அடுத்த வரிசைக்குப் போனார். எங்கே அடித்தது என்று அவர் கேட்கவே இல்லை. அது அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் விட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

அன்று முழுவதும் மழை. நான் பேக்டரிக்குள் இருந்தேன், கை சல்லடையில் இருந்தது, மனசு மலையில் இருந்தது. கை வழுக்கித் தொடையில் இறங்கிவிட்டால்? சாயங்காலம் ஆண்களோடு அவர் இறங்கி வந்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மற்றவர்கள் வெட்டியதில் பாதியளவுதான் வெட்டியிருந்தார். "வெட்டு சுத்தமா இருக்கு. வேகம் பத்தாது. ஒரு வாரம் பாப்போம்" என்றாராம் கவ்வாத்துக் கங்காணி. ஒரு வாரம் கழித்து அவர் எதுவும் சொல்லவில்லை. பெயர் மட்டும் அந்தப் பக்கம் மாறியிருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தோம். சில நாள் கழித்து ஒரு மாலை, நானும் அவரும் சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு மாதம் ஏறிவிட்டதால் அவர் பேக்டரி வாசலில் காத்திருந்து கூட்டிப்போவார். ஓடையைத் தாண்டி இரண்டு பக்கமும் தேயிலை நெருக்கும் ஒற்றையடிப் பாதை. பனிக்குள்ளிருந்து கொழுந்துக் கங்காணி நடுப்பாதையில் வந்து நின்றான். குடித்திருந்தான்.

"பெரிய ஆளாயிட்டியா? கத்தியக் கீழ போடுடி."

நாத்தனார் கத்தியைக் கீழே போடவில்லை, ஓங்கவும் இல்லை. தொடையோடு ஒட்டி, நுனி தரையைப் பார்க்கப் பிடித்திருந்தார். நடையை நிறுத்தவும் இல்லை. அதே வேகத்தில் அவனை நோக்கிப் போனார்.

"வழி விடுங்க. புள்ளத்தாச்சி வர்றா."

அவன் அசையவில்லை. கோலா தெர்லா ரோட்டில் ஏதோ லோரி கியர் மாற்றி மேடேறும் சத்தம் கேட்டது. இருவருக்கும் நடுவில் நாலு முழம் இருந்தது, மூன்று முழமானது, இரண்டானது. கத்தியைப் பிடித்திருந்த கையின் எலும்புகள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். கடைசி நொடியில் அவன் ஒரு காலைப் பின்னால் வைத்தான். தடுமாறித் தேயிலைச் செடிமேல் சரிந்தான். நாத்தனார் அவனைத் தாண்டி நின்று, என் பக்கம் கையை நீட்டினார். "வா புள்ள." நான் எப்படித் தாண்டினேன் என்று எனக்கு நினைவில்லை.

லயத்து விளக்குகள் தெரிந்த பிறகுதான் அவருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டிப்போய்ப் பேச முடியவில்லை. பாதையோரம் உட்கார வைத்து, கத்தியை நான் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவரை நான் முதன்முதலாகத் தொட்டது அன்றைக்குத்தான்.

கங்காணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெறும்வரை கங்காணியாகவே இருந்தான், திருவிழாவில் மாலையும் வாங்கினான். ஆனால் கடைசி நிரைக்கு ஒரு பெண்ணைத் தனியாக அனுப்புவது மட்டும் நின்றுபோனது. அடுத்த வருஷம் இன்னும் இரண்டு பெண்கள் கவ்வாத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கான பிடிகளை நாத்தனாரே இழைத்துக் கொடுத்தார், ஒவ்வொருத்தி கையையும் பிடித்துப் பார்த்து.

இப்போது நாங்கள் தானா ராத்தாவில் பிள்ளையோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இல்லை. நாத்தனாருக்கு எண்பது தாண்டிவிட்டது. கவ்வாத்துக்கு மெஷின் வந்துவிட்டது என்று யாரோ சொன்னபோது, "நல்லதுதான். முதுகு தப்பிச்சிச்சு" என்றார். ரசத்தில் பூண்டு அதிகம் என்று இன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போகிறார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், நாற்பது வருஷத்துக்கு மேலாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு அவன் வழி விடலன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரியாது புள்ள. வெட்டியிருப்பேன்னும் தெரியாது, வெட்டியிருக்க மாட்டேன்னும் தெரியாது. நின்னா செத்தேன்னு மட்டும் தெரிஞ்சிச்சு. அதான் நடந்தேன்."

பிறகு, பனி உள்ளே வருகிறது, ஜன்னலைச் சாத்து என்றார். நான் எழுந்து போய்ச் சாத்தினேன்.